இடுக்குப் பிள்ளையார் கோயிலில், பாதி வழியில்

என் மனைவி உமாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வருடம் ஆகிறது. வலி மட்டும் போகவில்லை. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் இடுக்குப் பிள்ளையார் கோயிலுக்குள் ஊர்ந்து வந்தால் உடம்பு வலி தீரும் என்று யாரோ சொல்ல, போகலாம் என்றாள். எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் விடுமுறை மிச்சமிருந்தது. ஜனவரியில், பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம்.

சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர். காலை ஐந்தரை மணிப் பேருந்து, திண்டிவனம், செஞ்சி வழியாகப் பத்து மணிக்குக் கொண்டுபோய் விட்டது. மலையைச் சுற்ற 14 கிலோமீட்டர். உமாவால் நடக்க முடியாது என்பதால் ஆட்டோ பிடித்தோம்; காத்திருப்பதற்கும் சேர்த்து நானூறு ரூபாய்.

"வலி கம்மியாவும்னுதான் ஜாஸ்தி பேர் வர்றாங்க சார்," என்றார் ஓட்டுநர்.

"கம்மியாகுதா?"

"திரும்பிப் போறப்ப யாரையும் கேட்டதில்லீங்க."

நேர்மையான மனிதர்.

கோயில் ரொம்பச் சின்னது. பின்வாசலில் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி நகர்ந்து முன்வாசலில் வெளியே வரவேண்டும். ஓர் ஆள் படுக்கும் அகலம்தான். உமா பாதியில் நின்றுவிட்டாள். பின்னால் நாலைந்து பேர் காத்திருக்க, எனக்குக் கூச்சமாகிவிட்டது. குனிந்து, இரண்டு வருடமாகக் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"பரவாயில்லையா, உமா?"

"பரவாயில்லீங்க," என்றாள். நகரவில்லை.

பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மா வந்து, வாசலில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக் கேட்டார்: "எங்கம்மா வலிக்குது?"

பதில் வந்தது. இடுப்பில் ஆரம்பித்துக் கால் சுண்டுவிரல் வரை மிளகாய் அரைத்துத் தடவின மாதிரி எரிகிறதாம். குளிக்கும்போது குனியப் பயமாம். "தூக்கத்துல கத்திடுவேனோன்னு துப்பட்டாவ வாயில வச்சுக்கிட்டுப் படுக்கறேன். அவர் பாவம், காலைல வேலைக்குப் போகணும்." சொல்லிவிட்டு அழுதாள்.

நானும் அதே கட்டிலில்தான் படுக்கிறேன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. பரவாயில்லையா என்று கேட்டால் பரவாயில்லை என்றுதான் எவரும் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பதில்தான் வசதியாக இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

அந்த அம்மா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்தவர்களிடம், "இருங்க, மெதுவா வரட்டும்," என்றதோடு சரி. பத்து நிமிடம் கழித்து உமா தானாகவே வெளியே வந்தாள்.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அப்புறம் வெயில் ஏறிவிடும். புடவையைவிடச் சுடிதார் வசதி. முதுகெலும்பில் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஊராதீர்கள். நாங்கள் கேட்கவில்லை, அது தப்பு. வலி தீருமா என்றால், உமாவுக்குத் தீரவில்லை.

திரும்பும் பேருந்து செஞ்சியைத் தாண்டியதும், நான் கேட்காமலே, "இப்ப ரொம்ப வலிக்குதுங்க," என்றாள். இரண்டு வருடத்தில் அதை அவள் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.