கரடிக்கு முன்னால் ஒரு நேர்த்தி

திங்கட்கிழமை விடியமுன்னரே சாரதாதேவி தலைக்கு முழுகிவிட்டார். புதுச் சேலை, நெற்றியில் திருநீறு, கைப்பையில் ஒரு மெழுகுதிரியும் வெறும் போத்தலும். காலைத் தேநீரைக்கூடத் தொடவில்லை.

"மாமி, நாளைக்கு லூர்ஸ் பார்க்கப் போறம்" என்று தம்பி மகள் கஜனி முதல்நாள் சொன்னதிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. கஜனி பாரிசில் பிறந்த பிள்ளை, நாக்கில் தமிழ் கொஞ்சம் வழுக்கும். ஊரில் லூர்த்ஸ் மாதா என்றே கேட்டுப் பழகிய காதுக்கு அவ்வளவு போதுமாயிருந்தது.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்துமூன்று வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் சாரதாதேவி. தாயும் தகப்பனும் போனபின் தம்பி குலசேகரத்துக்கு எல்லாமுமாக நின்றவர். 'கலியாணத்தைப் பிறகு பார்ப்பம்' என்று சொல்லிச் சொல்லியே ஐம்பத்தொன்பது வயதாகிவிட்டது. மூன்று தரம் மறுக்கப்பட்ட விசா நான்காந்தரம் கிடைத்தது. பாரிசின் லா சப்பலில் தம்பி வீட்டில் ஒரு மாதம் ஓடிப்போயிற்று. வியாழக்கிழமை விமானம். சமையல்காரத் தம்பிக்குத் திங்கள் மட்டுமே லீவு. இதுதான் கடைசித் திங்கள்.

நெஞ்சில் கிடந்ததை அவர் ஒருவரிடமும் வாய்திறந்து கேட்கவில்லை. கேட்காமலே மாதா கூப்பிட்டுவிட்டாள் என்று நினைக்க நினைக்கக் கண் பனித்தது.

கார் து நோர் நிலையத்தில் ரயில், பிறகு பஸ். இறங்கிய இடத்து வாசலில் ஓநாய்ப் படம் ஒன்று பல்லைக் காட்டியது. நம்முடைய கோயில்களில் யாளி நிற்பதில்லையா என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனார்.

"இஞ்சை சிங்கம் புலி ஒண்டும் இல்லையக்கா. எல்லாம் இந்தப் பக்கத்துக் காட்டுச் சீவன்தான்" என்றார் குலசேகரம், அக்காவைக் கூட்டிவந்த பெருமையில்.

கொம்பன் மான்கள் தலைநிமிர்ந்து பார்த்தன. காட்டுப்பன்றி ஒன்று ஏழெட்டுக் குட்டிகளோடு சேற்றில் புரண்டது. சாரதாதேவி ஒவ்வொன்றையும் மரியாதைக்குப் பார்த்துவிட்டு முன்னே நடந்தார்.

"கோயிலடியிலை சனத்தைக் காணேல்லையே பிள்ளை?"

கஜனிக்கு அது விளங்கவில்லை. மாமியின் கையைப் பிடித்து ஒரு கம்பிவேலி அருகே இழுத்தாள். "வுவாலா மாமி, இதுதான் லூர்ஸ்!"

வேலிக்கப்பால் குளத்து நீரில் அரைவாசி அமிழ்ந்தபடி ஒரு பழுப்புக் கரடி தன் தோளைச் சொறிந்துகொண்டிருந்தது.

"மாதா எங்கை?"

"எந்த மாதா? பிரெஞ்சிலை லூர்ஸ் எண்டால் கரடிதானே, மாமி!"

குலசேகரம் வயிறு குலுங்கச் சிரித்தார். "கரடியைக் கும்பிடவோ அக்கா பட்டினி கிடந்தனீங்கள்!" அக்காவின் முகத்தைக் கண்டதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"தொண்ணூற்றெட்டிலை நீ நாட்டை விட்டு வெளிக்கிட்டு ஏழு மாசம் ஒரு சத்தமும் இல்லை, தம்பி. பிள்ளையாரிட்டைக் கேட்டன். பிறகு சந்தியிலை நிண்ட மாதாவிட்டையும் போனன். இவனை உயிரோடை காட்டு, இவன் இருக்கிற நாட்டிலை உன்ரை கோயிலுக்கு வந்து திரி கொளுத்துறன் எண்டன். பிரான்சிலை இருக்கிறன் எண்டு உன்ரை கடிதம் வந்த அண்டே எனக்கு விளங்கீட்டுது, லூர்த்சுக்குத்தான் கூப்பிடுறா எண்டு."

"ஏனக்கா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நிண்டு நிண்டு கால் வீங்கி வாறாய். உன்னை எப்பிடிக் கேக்கிறது?"

குலசேகரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரடியையே பார்த்தார். இருபத்தாறு வருடம் வாயில் வராத கதை அப்போது வந்தது.

"அந்த ஏழு மாசத்திலை கனநாள் இப்பிடியொரு காட்டுக்குள்ளைதான் அக்கா. உக்ரைன் எல்லை, பனி. ஒருக்கா பெரிசாய் ஒண்டு கிட்ட வந்து என்ரை முகத்தை மணந்து பார்த்திட்டு நிண்டுது. மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தன். பிறகு தன்பாட்டிலை போச்சுது. என்ன சீவன் எண்டு இண்டைக்கும் தெரியாது."

சாரதாதேவி அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என்ரை ராசா" என்றார்.

குலசேகரம் கண்ணைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து, உணவக முதலாளி ஐங்கரனை அழைத்தார்.

"தம்பி, நாளைக்கு நான் வரமாட்டன்."

"என்னண்ணை பகிடியோ? நாளைக்கு எண்பது பேருக்குப் பிறந்தநாள் சாப்பாடு!" ஐங்கரனின் கத்தல் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"பதினெட்டு வருசத்திலை ஒரு நாள் லீவு கேட்டிருப்பனோ? லூர்து போறன். அக்கான்ரை நேர்த்தி ஒண்டு கிடக்கு."

"என்ன நேர்த்தி?"

"நான்தான்."



"சரியண்ணை, போட்டு வாங்கோ. நான் அடுப்படியிலை நிக்கிறன். எங்கடை வீட்டுக்காரிக்கும் ஒரு போத்தில் தீர்த்தம் கொண்டுவாங்கோ."

அதற்குள் கஜனி தன் போனில் ரயில் தேடிப் பிடித்துவிட்டாள். "காலமை ஏழு மணிக்கு ஒண்டு இருக்கு. மூண்டு பேரோ?"

"மூண்டு பேரும்தான்" என்ற சாரதாதேவி மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு தம்பியிடம் கவலையோடு கேட்டார்: "அந்தப் பொடியனுக்குச் சமையல் தெரியுமோடா? எண்பது சனம், பாவம்."