பதினோரு ஸ்க்ரூ

ஆறு வயதில் தீபாவளி வெடி ஸ்வர்ணலதாவின் இடது கண்ணைக் கொண்டுபோயிற்று. மிச்சமிருந்த ஒரு கண்ணோடு அவள் பத்தாம் வகுப்பு தேறினாள்; அதுவும் பாண்டி பஜார் ஃபேன்சி கடையொன்றில் வளையல் விற்றுக்கொண்டே, தனித்தேர்வராக எழுதி, கணக்கில் ஒருமுறை விழுந்து எழுந்து. பெண்பிள்ளைக்கு உள்ளே வேலை இல்லை என்று சொன்ன தி.நகர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ரசீது எழுத உட்கார்ந்து, எட்டாவது மாதமே மெக்கானிக் மேஜைக்குப் போனாள். மூன்று பேர் கைவிட்டுக் குப்பைப் பெட்டியில் போட்டிருந்த ஒரு நெட்புக்கை, சின்ன மடிக்கணினியை, எடுத்து ஓடவைத்ததுதான் காரணம். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் கடையில் இருந்தாள். அவள் அண்ணன் சுயம்புலிங்கம் இதையும் அவள் ஜெயித்த கணக்கில்தான் சேர்ப்பான்.

சுயம்புலிங்கம் எட்டாவது வரை படித்தவன். திசையன்விளையிலிருந்து வந்து, ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் பதினான்கு வருடமாக பிளவுஸ் துணிப் பிரிவில் நிற்கிறான். மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் நடுவில் எந்த மஞ்சள் வரவேண்டும் என்று அவனைக் கேட்டுத்தான் அடுக்குவார்கள். மந்தைவெளியில் ஒற்றை அறையில் அண்ணனும் தங்கையும் குடியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அவனுக்கு வார விடுமுறை. அன்று மதியம் சோறு கட்டிக்கொண்டு தங்கை கடைக்குப் போய், சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவள் வேலை செய்வதைப் பார்க்கும் அரைமணி நேரம்தான் அந்த வாரத்தில் அவனுக்குப் பிடித்த நேரம்.

அவளுக்கு இன்னும் கிடைக்காதது ஒன்றுதான். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினைக் கடைசியாகத் திறந்தவர் அதன் பின்மூடியின் உட்புறம் மார்க்கர் பேனாவால் கையெழுத்தும் தேதியும் போட்டுத்தான் மூடவேண்டும். நாளைக்கு அது பழுதாகித் திரும்பி வந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர். நான்கு வருடமாக ஸ்வர்ணலதா திறந்த மிஷின்களில் முதலாளி விஜயராகவனின் கையெழுத்துதான் இருந்தது. ஜூலையிலிருந்து நீயே போடு என்று அவர் சொல்லியிருந்தார். கையெழுத்து வந்துவிட்டால் மெக்கானிக். அதுவரை, எத்தனை மிஷின் திறந்தாலும், ரசீது எழுத வந்த பெண்தான்.

ஜூன் மாதம் பஞ்சாட்சரம் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் மயிலாப்பூரிலிருந்து வந்தார். கையில் பதினோரு அங்குல நெட்புக், விலை குறைந்த ரகம். தொண்டையில் புற்று என்று குரல்வளையை எடுத்துவிட்டிருந்தார்கள். சொல்லவேண்டியதைச் சின்ன டைரியில் எழுதிக் காட்டினார். ஆபரேஷனுக்கு முன் இருபது நாள் உட்கார்ந்து தன் குரலைப் பதிவு செய்திருக்கிறார். பாட்டு, பாடம், பேத்திக்குக் கதை, மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. எல்லாம் அந்த நெட்புக்கில் மட்டும் இருந்தது. இப்போது அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்துபோகிறது. டைரியில் எழுதினார்: ‘அவசரமில்லை. குரல் மட்டும் பத்திரம்.’

ஸ்வர்ணலதா பார்த்தாள். பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கிக்கொண்டிருந்தது. பாட்டு, படம் எல்லாவற்றையும் வைத்திருக்கும் சில்லு போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது; கழற்றி வேறு மிஷினில் போட முடியாது. ரேமோ இரண்டு ஜிபிதான். பதிவுகளை நகலெடுக்க ஆரம்பித்தால் பாதியிலேயே அணைந்தது. ஆகவே முதலில் பேட்டரி மாற்றுவது, காலியாக இருந்த இடத்தில் இன்னொரு ரேம் போடுவது, பிறகு நகலெடுப்பது என்று முடிவு செய்தாள்.

பதினோரு ஸ்க்ரூவையும் கழற்றினாள். அதில் இரண்டு மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம் கூடியவை. ஒற்றைக் கண்ணால் அந்த வித்தியாசத்தைப் பிடிப்பதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் எப்போதும் ஒரு தாளில் மிஷினின் வடிவத்தை வரைந்து, எந்த ஓட்டையில் இருந்ததோ அந்த இடத்திலேயே ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வைப்பாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. முன்பக்கம் யாரோ கூப்பிட, அவள் எழுந்து போனாள். தாளில் ஸ்க்ரூ சிதறிக் கிடப்பதாக சுயம்புலிங்கத்துக்குப் பட்டது. தங்கைக்கு ஒரு உதவி.

அவள் திரும்பி வந்தபோது தாள் காலியாக இருந்தது.

“நிறம் பார்த்து ரெண்டு பாட்டில் மூடியில பிரிச்சு வச்சிட்டேன். கறுப்பு ஏழு, வெள்ளி நாலு. நல்லா இருக்கா?”

இரண்டு மூடிகளையும் அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நல்லா இருக்குண்ணே” என்றாள்.

பேட்டரியை மாற்றி, ரேமைச் சொருகி, நினைவிலிருந்து ஸ்க்ரூவை முடுக்கினாள். பட்டனை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. பழைய ரேமோடு மட்டும் போட்டுப் பார்த்தாள், பேட்டரி இல்லாமல் நேரடி மின்சாரத்தில் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி திறந்தபோது வலது ஓரத்தில் ஒரு கறுப்பு ஸ்க்ரூவின் நுனி போர்டைத் துளைத்து, அந்தச் சில்லுக்கு அடியில் ஏறியிருந்தது. அதை எடுத்து இன்னொரு கறுப்பு ஸ்க்ரூவின் பக்கத்தில் நிறுத்தினாள். ஒன்றரை மில்லிமீட்டர் உயரம் கூடியிருந்தது. சுயம்புலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது.

புதன்கிழமை, ரிச்சி தெருவில் சில்லு வேலை செய்கிறவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சில்லே வெடித்திருந்தது. உள்ளே இருந்த எதுவும் இனி வராது.

விஜயராகவன் கத்தவில்லை. “வரும்போதே போர்டு செத்துக்கீதுன்னு சொல்லிடு. பெரியவருக்கு இன்னா தெரியப்போவுது?”

“வரும்போது ஓடிச்சு சார். ரசீதுல நான்தான் எழுதினேன்.”

“அப்ப நீயே சொல்லிக்கோ. என் பேரு இதுல வராது. நாளைலேர்ந்து கவுண்டர்ல குந்து.”

அன்று சாயங்காலம் மந்தைவெளி அறையில் சுயம்புலிங்கம் தான் போய் முதலாளியிடம் ஒப்புக்கொள்வதாகச் சொன்னான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள்.

“வேணாம். முடுக்கினது என் கை. இறுகும்போதே ஏதோ தடுக்குதுன்னு தெரிஞ்சுதுண்ணே. நீ பக்கத்துல சந்தோசமா பார்த்துக்கிட்டு இருந்தே. நிறுத்திக் கழட்டி, நீ செஞ்சது தப்புன்னு ஒனக்கு முன்னால காட்ட மனசு வரல.”

அவள் கழுவி வைத்த பாத்திரங்களை அவன் துடைத்து அடுக்கினான்.

மறுநாள் அவன் ஜவுளிக்கடையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தான். சர்வீஸ் கடைக்குள் போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். பஞ்சாட்சரம் கவுண்டர் முன்னால் நாற்காலியில் இருந்தார். ஸ்வர்ணலதா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பெயரைச் சொல்லவில்லை என்பது, பெரியவர் ஒருமுறைகூட வாசல் பக்கம் திரும்பாததிலிருந்து தெரிந்தது. அவர் டைரியில் எழுதிக் காட்டினார். என்ன எழுதினார் என்று பிறகுதான் அவள் சொன்னாள்: ‘கொஞ்சமாவது?’

அவள் இல்லை என்று தலையசைத்தாள். பெரியவரின் வாய் திறந்து அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது. டைரியைச் சட்டைப்பையில் வைத்தார். நெட்புக்கைக் கொடுத்துவிடும்படி கை நீட்டினார்.

கொடுப்பதற்குமுன் அவள் மார்க்கரை எடுத்தாள். விஜயராகவன் தடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. பின்மூடியைக் கவிழ்த்து, ஒற்றைக் கண்ணைத் தாழ்த்தி, எழுத்து எழுத்தாக எழுதினாள். பிறகு மூடியைப் பொருத்தி ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்கினாள். ஐந்து ஸ்க்ரூ முடியும்வரை சுயம்புலிங்கம் எண்ணினான். அதற்குப்பின் அவனால் பார்க்க முடியவில்லை. மூடியின் உள்ளே அவள் முழுப்பெயரும் அதற்குக் கீழே தேதியும் இருந்தன: 13.06.2024.