ஏற்றத்தில் நின்ற கரி பஸ்

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸின் பின்புறம் ஆள் உயர இரும்பு அடுப்பு ஒன்றை மாட்டினார்கள். கரியைப் புகையவிட்டு, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டி ஓடியது. கரி போடும் வேலை செல்லப்பனுக்குக் கிடைத்தது. அதுவரை பண்ணையில் ஏர் பிடித்தவன்.

அடுப்பை மாட்டிய திருச்சி மெக்கானிக் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். "வாயு சூடானா விரிஞ்சிடும்பா. என்ஜினுக்குள்ள கொஞ்சந்தான் அடங்கும், இழுவை இருக்காது. குளிர வச்சா சுருங்கி நெருக்கமா வரும்." செல்லப்பன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஏற்றத்தில் வண்டி திணறினால் வாயுக்குழாயில் ஈரச் சாக்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுவான். வண்டி ஏறிவிடும்.

"நீ இல்லாட்டி இது நவுராதுடா" என்பார் டிரைவர் இராமலிங்கம்.

நாற்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் செல்லப்பன் மனைவி பொன்னாயிக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. இரண்டு நாளாகியும் இறங்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மத்தியான வண்டியிலேயே அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பொன்னாயியைப் பின்பெஞ்சில் படுக்க வைத்து, அனல் அடிக்காமல் தார்ப்பாய்த் திரைகளை இறக்கிக் கட்டினான் செல்லப்பன். துணைக்கு அவன் அக்கா ரெங்கம்மாள் வந்தாள்.

பாதி வழியில் ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. குழாயைத் தொட முடியவில்லை, அவ்வளவு கொதிப்பு. பாரம் குறைய மற்ற எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலுக்குப் போனார்கள்.

"அக்கா, ஓடிப்போய் அந்தக் கெணத்துல தண்ணி கொண்டா."

"இவ தனியா கெடக்காளேடா."

"நான் இங்கதான இருக்கேன். போக்கா."

அவள் குடம் குடமாகக் கொண்டுவந்தாள். அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். அரை மணி நேரம் ஆனது. உள்ளே முனகல் நின்றிருந்தது. திரையை விலக்கிப் பார்த்தான். கண்மூடிக் கிடந்தாள். உதடு நல்ல சிவப்பாக இருந்தது.

"வலி விட்டிருக்கு. தூங்கட்டும்" என்று திரையைப் பழையபடி இழுத்துவிட்டான்.

என்ஜின் பிடித்தது. பஸ் மேட்டை ஏறியது. அன்றைக்கு அவன் எந்தச் சாமியைக் கும்பிடாமல் விட்டான்?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாடியைப் பார்த்தார். பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை.

"வழியில வண்டி நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க. அரை மணிங்க."

அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். "ஓடுற வரைக்கும் என்ஜின் வாயுவ இழுத்துக்கும். நின்னுட்டா இழுக்க ஆளில்ல. ஆனா நெருப்பு அணையலையே. சூட்டுல வாயு விரிஞ்சுக்கிட்டே இருக்கும், சந்து கெடச்ச பக்கம் வெளிய வந்து, திரை போட்டு மூடின எடத்துல தேங்கிடும். அதுக்கு மணம் கெடையாதுப்பா. கரிவாயு, ஆளைக் கொன்னுடும். ஒதடு இப்படிச் செவந்து கெடக்குறதே அதாலதான்."

மெக்கானிக் சொல்லாமல் விட்ட பாதி அது.

காரியம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பினான். வண்டி எங்கே நின்றாலும் பின்பெஞ்சுக்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கினான். பிள்ளைக்காரி ஒருத்தி கூச்சல் போட்டாள். பைத்தியம் என்று பஸ் முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மறுபடி பண்ணை, மறுபடி ஏர்.

ஒருநாள் ரெங்கம்மாள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். "தண்ணிக்குப் போவாம அவ கூடவே இருந்திருக்கணும்டா நான்."

"இருந்திருந்தா நீயும் போயிருப்ப" என்றான் செல்லப்பன். மாட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த சாலுக்குப் போனான்.