அஞ்சலை கடையில் வசந்தா மேடம் கிளப்பிய சண்டை

மாணிக்கம்தான் ஃபோன் செய்தார். அரியலூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "மேடம் போயிட்டாங்க சார்," என்றார். "யார் சொன்னது?" என்று கேட்டேன். சாவுச் செய்திக்குக் கேட்கிற கேள்வியா அது? மாணிக்கம் கோபித்துக்கொள்ளவில்லை. "யாரும் சொல்லல. பெரம்பலூருக்கு, அவங்க வூட்டுக்கு நானே போயிப் பாத்துட்டு, பக்கத்து மருந்துக் கடையிலேர்ந்துதான் பேசறேன்," என்றார்.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் வசந்தா மேடத்தை அமைதியானவர் என்றார்கள். அமைதியாம்! எந்த வசந்தாவைப் பற்றிப் பேசினார்களோ தெரியவில்லை. நானும் மாணிக்கமும் அவரும் ஒரே தணிக்கைக் குழுவில் எத்தனையோ வருஷம் பஸ் பஸ்ஸாக அலைந்தவர்கள். ஒரு நாளாவது அவர் எதிர்வாதம் செய்யாமல் சோற்றில் கை வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சங்கத்துப் பேரேட்டைப் பார்த்து மட்டும் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை அவர். வேப்பந்தட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சங்கம். கணக்கெல்லாம் சுத்தமாக இருந்தது. செயலாளர் இளநீர் வெட்டிக் கொடுத்து, "முடிச்சிடலாங்களா மேடம்?" என்றார். "இது சங்கம் சொல்றது. கடன் வாங்குனவரு என்ன சொல்றாருன்னு கேக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். வீடு வீடாகப் போய்ப் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தார். பின்னால் போன எனக்குச் செருப்பு அறுந்ததுதான் மிச்சம், தப்பு ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி வரும்போது நான் முணுமுணுத்தேன். "தப்பு இல்லைன்னு இப்பதான் சார் நமக்குத் தெரியும். காலையில தெரியாது," என்றார்.

சாப்பாட்டுக் கடை விஷயத்திலும் அதே குணம். மாணிக்கத்துக்கு லாரி நிற்கிற கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்துவிட வேண்டும். மேடம் ஒத்துக்கொள்ள மாட்டார். "லாரிக்காரரு மரத்து நெழலுக்கு நிக்கிறாரு, உங்க சாம்பாருக்கா நிக்கிறாரு? கடைக்காரர் வூட்டுப் புள்ளைங்க அங்கயே சாப்பிடுதான்னு பாருங்க. சாப்பிட்டா உள்ள போவலாம்," என்பார். திருமானூரில் ஒரு ஓட்டலில் சர்வர் அவரைத் திரை போட்ட ஃபேமிலி ரூமுக்குக் கூட்டிப்போகப் பார்த்தான். "குடும்பத்தை வூட்டுல வச்சிட்டு வந்திருக்கேன் தம்பி. எனக்குச் சோறு மட்டும் போதும்," என்று சொல்லிவிட்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். கடையில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாட்டுக்கு ரசத்தில் உப்பு இல்லை என்றார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காலை பஸ்ஸில் பேப்பர் வாங்குவோம். உலகத்தில் எங்காவது ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும். அதற்குச் சரித்திரத்தில் ஈடு எது என்று மாணிக்கமும் மேடமும் மோதுவார்கள். ஜெயிக்கிறவர் சொல்கிற கடையில் மதியச் சாப்பாடு. தீர்ப்புச் சொல்வது நான், பாவப்பட்ட உத்தியோகம். மாணிக்கம் ஜெயங்கொண்டத்துக்காரர். எந்தச் சண்டையானாலும் கங்கைகொண்ட சோழபுரத்தில் கொண்டுவந்து கட்டிவிடுவார். ஈரானும் ஈராக்கும் மோத ஆரம்பித்தபோது, சோழனும் சாளுக்கியனும் ஆற்றங்கரைக்காகத் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டதுதான் இது என்றார். அன்றைக்கு மேடமே ஒத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று பேப்பர்க்காரர்கள் எழுதியதை இரண்டு பேரும் சேர்ந்து கிழித்தார்கள்.

அந்தச் சண்டை ஓய்கிற வழியாக இல்லாத நாளில்தான் நாங்கள் விக்கிரமங்கலத்தில் அஞ்சலை கடைக்குப் போனோம். முக்கு ரோட்டில் கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, மொச்சைக் குழம்பு. அஞ்சலைக்குப் புருஷன் இல்லை, ஒரே மகன் முருகேசன். கொத்து வேலை தெரிந்தவன். ஏஜெண்டு ஒருவன் அவனுக்கு ஈராக்கில், பாஸ்ரா என்கிற ஊரில் கட்டட வேலை வாங்கியிருந்தான், இருந்த துண்டு நிலமும் அதற்காக அடமானத்துக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை ரயில். அஞ்சலை இலையைப் போட்டுக்கொண்டே மாணிக்கத்திடம் கேட்டாள்.

"சார், நீங்க படிச்சவங்க. அந்த ஊருல குண்டு போடுறானாமே. புள்ளைய அனுப்பலாங்களா?"

மாணிக்கம் நல்ல மனுஷர். அவள் முகத்தைப் பார்த்ததும் தைரியம் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும். "ராஜாக்கள் சண்டைல ராஜாக்கள்தான் சாவாங்க அஞ்சல. வேலை செய்றவனை எவனும் தொட மாட்டான். மெகஸ்தனீஸ்னு ஒரு வெள்ளைக்காரன் அந்தக் காலத்துலயே எழுதி வச்சிருக்கான். இந்தப் பக்கம் ரெண்டு படையும் வெட்டிக்குது, அந்தப் பக்கம் உழவன் பாட்டுக்கு உழுதுகிட்டு இருக்கான். நம்ம ராஜேந்திர சோழன் படையும் அப்படித்தான், குடிசனத்தத் தொட்டதில்ல. தைரியமா அனுப்பு."

"அப்ப ஒண்ணும் ஆவாதுங்கிறீங்க," என்றாள் அஞ்சலை. முகம் அப்படியே தெளிந்துவிட்டது. மாணிக்கத்துக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மேடம் கையில் எடுத்த சோற்றைக் கீழே வைத்தார்.

"அது யாரு எழுதுன கணக்கு சார்?" என்றார். "நம்ம ராஜா பெருமை நம்ம ராஜா வெட்டுன கல்லுல இருக்கு. அடி வாங்குனவன் கல்லைப் பாத்தீங்களா? கன்னட தேசத்துல சாளுக்கியன் வெட்டுன கல்வெட்டு ஒண்ணு இருக்கு. சோழப் படை வந்து ஊரைச் சூறையாடுச்சு, பொம்பள புள்ளைன்னு பாக்காம வெட்டுச்சுன்னு அதுல இருக்கு. அவன் கூட்டியும் சொல்லிருப்பான். ஆனா அதையும் படிக்காம இந்தம்மாகிட்ட தைரியமா அனுப்புன்னு எப்படிச் சொல்றீங்க?"

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அந்த ஊரில், மத்தியான நேரத்தில், முன்பின் தெரியாத ஒரு பொம்பளை இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? எதிர் பெஞ்சில் மீசைக்காரர் ஒருவர் ஆட்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எழுந்தார்.

"எங்க ராசாவ என்ன சொன்ன? பொம்பளைய வெட்டுனவருங்கிறியா? எங்க மண்ணுல உக்காந்து எங்க சோத்தத் தின்னுட்டு?" காலால் பெஞ்சைத் தள்ளி வாசலில் போட்டார். "தப்புன்னு சொல்லிட்டு வெளிய போ. இல்லன்னா போவ முடியாது."

கூட இருந்த இரண்டு பேர் வாசலில் போய் நின்றார்கள். ஒருவன் கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது, அதை அவன் பிடித்திருந்த பிடி எனக்குப் பிடிக்கவில்லை. "மேடம், ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போயிடலாம்," என்று அவர் காதில் கெஞ்சினேன். ஆனால் அந்த ஆளை அவர் பார்க்கவே இல்லை. அஞ்சலையைப் பார்த்துத்தான் பேசினார்.

"அஞ்சல, அனுப்பாதன்னு நான் சொல்லல. சாருக்குத் தெரியும்னு நெனச்சு அனுப்பாத. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"எந்திரி நீ!" என்று கத்தினாள் அஞ்சலை. மீசைக்காரரே ஒரு நிமிஷம் திகைத்துவிட்டார். "சோறு திங்க வந்தியா, என் வயித்துல நெருப்பு வைக்க வந்தியா? நெலமும் போயி, டிக்கெட்டும் வந்தப்பறம் இதைச் சொல்றியே, நீயெல்லாம் பொம்பளையா?" மேடத்தின் இலையைச் சோற்றோடு வழித்துச் சுருட்டி வாசலுக்கு வெளியே எறிந்தாள்.

அப்போது மாணிக்கம் எழுந்தார். அவருக்கும் முகமெல்லாம் சிவந்து கிடந்தது, மேடத்தின் மேல்தான் ஆத்திரம். ஆனாலும் போய் அந்தப் பெஞ்சைத் தூக்கி ஓரமாகப் போட்டார். "நானும் ஜெயங்கொண்டத்தான்தான். இவங்க என் கூட வந்தவங்க. இவங்க மேல கை வைக்கணும்னா மொதல்ல என் மேல வைங்க," என்றார். உள்ளூர்க் குரலைக் கேட்டதும் வாசலில் நின்றவர்கள் விலகினார்கள். மீசைக்காரர் மட்டும் நாங்கள் ரோட்டுக்கு வரும் வரை திட்டிக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸில் ஏறிய பிறகு மாணிக்கம் வெடித்தார். "எங்க ஊருல வச்சே எங்க ராஜாவ இப்படிச் சொல்லிட்டீங்களே மேடம்!" மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எனக்கும் அவரு ராஜாதான் சார். அந்தக் கோயிலுக்குப் போனா எனக்குந்தான் ஒடம்பு சிலிர்க்குது. அதுக்காக அந்தப் பையன் உசுரையா பணயம் வைக்கறது?" என்றார். அன்றைக்கு யாரும் என்னிடம் தீர்ப்புக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் என்னை அரியலூர் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார். அஞ்சலை எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முருகேசன் புதுச் சட்டையில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். மேடம் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "தம்பி, சண்டை தூரத்துல இருக்குன்னு கம்பெனி சொல்லும். அதை மட்டும் கேக்காத. அந்த ஊருக்காரங்களைப் பாரு. அவங்க பொம்பள புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கெளம்புனாங்கன்னா நீயும் கெளம்பிடு. சம்பளம் பாக்கி இருக்கேன்னு நிக்காத." அவன் தலையை ஆட்டினான். புரிந்து ஆட்டினானா, பெரியவர்கள் சொல்கிறார்களே என்று ஆட்டினானா தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எங்கே வேலை இருந்தாலும் மதியச் சாப்பாடு அஞ்சலை கடையில்தான். மேடம் வாதமே செய்ய மாட்டார், நேராகப் போய் உட்காருவார். அஞ்சலை எங்களுக்குப் பரிமாறுவாள், மேடத்துக்கு மட்டும் இலையைப் போட்டுச் சட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவரே போட்டுச் சாப்பிடுவார். "ஏன் மேடம் இந்த அவமானம்?" என்று ஒரு நாள் சண்டைக்கே போய்விட்டேன். "கடுதாசி வந்திருந்தா அவ மொகத்துல தெரியும். அதைப் பாக்கத்தான் வர்றேன்," என்றார். கொஞ்ச நாளில் கடிதம் வருவது நின்றது. பாஸ்ராவை நோக்கி ஈரான் படை வருகிறது என்று பேப்பரில் வந்தது. இங்கிலாந்து எங்கேயோ ஒரு தீவுக்குக் கப்பல் அனுப்பியபோது, கடாரத்துக்குப் போன சோழன் கப்பலைப் பற்றி மாணிக்கம் உற்சாகமாக ஆரம்பித்தார். மேடம் பார்வை அஞ்சலை மேலேயே இருந்தது. மாணிக்கமும் பாதியில் நிறுத்திக்கொண்டார். மூன்று பேரும் அஞ்சலையின் முதுகைப் பார்த்துக்கொண்டு மொச்சையை மென்றோம். அந்த மாதங்களில் மேடம் பாதி ஆளாகிவிட்டார்.

ஒரு நாள் கடைக்குள் நுழைந்தால் அடுப்படியில் முருகேசன் நிற்கிறான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மேடம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மாணிக்கம்தான் அவனைக் கட்டிப்பிடித்துக் கேட்டார். "டேய், உண்மையச் சொல்லுடா, அங்க உழவன் உழுதானா இல்லையா?"

"உழுதாங்க சார். ஆத்துக்கு அந்தாண்ட குண்டு வெடிக்கும், இந்தாண்ட பேரீச்ச மரத்துக்குத் தண்ணி கட்டிக்கிட்டே இருப்பாங்க." மாணிக்கம் எங்களைப் பார்த்துத் திரும்பினார், வாயெல்லாம் பல். முருகேசன் தொடர்ந்தான். "ஒரு நா காலைல பாத்தேன் சார். வாய்க்கால்ல தண்ணி பாட்டுக்குப் பாஞ்சி ரோட்டுல ஓடுது. மடை திருப்ப ஆளு இல்ல. அவங்க வூட்டுல போயி பாத்தா கதவு தொறந்து கெடக்கு, புள்ளைங்க சத்தத்தையே காணும். கம்பெனில கேட்டா ஒண்ணுமில்ல, வேலையப் பாருன்னாங்க. நான் அன்னிக்கே பாக்தாத் போற லாரில ஏறிட்டேன். கூட இருந்தவங்க சம்பளத்த வாங்கிட்டு வர்றோம்னாங்க." அவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அஞ்சலை இலையோடு வந்தாள். நிலம் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். மேடத்தின் முன்னால் இலையைப் போட்டு, சோற்றை வைத்து, தன் கையாலேயே குழம்பை ஊற்றினாள். "போவாதன்னே சொல்லிருக்கலாம்ல, ஆபீசரம்மா," என்றாள். மேடம் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இவ்வளவும் சொன்னது எதற்கென்றால், அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்னவென்று போன வாரம்தான் தெரிந்தது. எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் மகன் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறான். இலங்கைக்கு அனுப்பப் போகிறார்களாம். "ஒண்ணும் ஆவாதுல்ல சார்?" என்று என்னைக் கேட்டார். ஆகாது என்று வாய் வரை வந்துவிட்டது. 'சாருக்குத் தெரியும்னு நெனச்சு அனுப்பாத' என்று மேடம் சொன்னது ஞாபகம் வந்தது, சொல்லவில்லை. அந்தத் தடைதான் அவர் எனக்குக் கொடுத்தது. "எனக்குத் தெரியாதுங்க. போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா கேப்போம்," என்றேன். வேப்பந்தட்டையில் ஒரு பட்டாளத்துப் பையன் இலங்கையிலிருந்து திரும்பி வந்திருக்கிறானாம், யாரோடும் பேசுவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் வாட்ச்மேனும் அவனைப் பார்க்கப் போகிறோம். மாணிக்கமும் வருகிறேன் என்றிருக்கிறார். அவன் பேசுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்போம்.