பொன்னாடை போர்த்திய சக்கரங்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். டயர் கடை வைத்திருப்பவளுக்கு அது ஒன்றும் பெரிய குறையில்லை. 2012 வாக்கில் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் நானும் வீட்டுக்காரரும் கடை போட்டோம். டயர் மாட்டுவது அவர், சக்கரம் ஆடாமல் ஓட வெயிட் வைக்கிற பேலன்சிங் பார்ப்பது நான். இது தெரிந்ததும் வருகிறவர்கள் ஒரு அடி தள்ளி நின்று என்னை வேடிக்கை பார்ப்பார்கள். நானும் பதிலுக்கு அவர்களைப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து, சக்கரத்தில் டயர் மாட்டிக் கார் கம்பெனிக்கு அனுப்புகிற ஒரு இடத்தில் லைனில் நின்றவள். அலாய் சக்கரத்தில் முடி அளவு கீறல் விழுந்தால் போதும், சூப்பர்வைசர் முகம் சாவு வீட்டு முகமாகிவிடும். வளையல் கூடாது, வாட்ச் கூடாது, மோதிரம் கூடாது. அந்தச் சட்டத்தையெல்லாம் சொந்தக் கடைக்கும் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் பெல்ட் பக்கிளை முதுகுப் பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டுதான் மெஷினிடம் போகவேண்டும். மனுஷன் அவசரத்தில் பேண்ட்டையே திருப்பிப் போட்டுக்கொண்டார் என்று ஊரில் சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளூர்க்காரர், சாது. நான் சொன்னால் தலையையும் திருப்பிக்கொள்வார்.

அப்படிப்பட்ட கடைக்கு ஒருநாள் தலைவர் வந்தார். பக்கத்து ஊரின் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். பதவி போய் ரொம்ப நாளாகியும் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். மகளுக்குக் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளைக்கு ஒரு கார் வாங்கியிருந்தார். அதில் சாதா இரும்புச் சக்கரம் இருந்தது. மாப்பிள்ளைக்கு அலாய் பிடிக்கும் என்று மகள் வாய்தவறிச் சொல்லிவிட, நாலு அலாய் சக்கரமும் புது டயரும் தனியாக வாங்கிவிட்டார். மாப்பிள்ளை எதுவுமே கேட்கவில்லையாம். கேட்கிற மாப்பிள்ளையைச் சமாளித்துவிடலாம், கேட்காதவரை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் தலைவரின் கவலை.

அதிலும் இந்த மாப்பிள்ளைக்கு ஒரு கார் கம்பெனியில் குவாலிட்டி வேலை. வண்டி வெளியே போகும்முன் அதில் கீறல் இருக்கிறதா என்று தேடுவதற்குத்தான் சம்பளம். நிச்சயதார்த்தத்தில் சீர்த்தட்டை வாங்கியவர், அதை டியூப்லைட் வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்த்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம், சாய்த்தது மட்டும்தானாம். அன்றிலிருந்து தலைவருக்குச் சரியான தூக்கமில்லை. சக்கரத்தில் ஒரு கீறல் இருந்தாலும், மாமனார் கழித்துப்போட்ட சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று மாப்பிள்ளை நினைத்துவிடுவார். அவர் பயமெல்லாம் இதுதான். மாப்பிள்ளை மறுநாள் நைட் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் எங்கள் கடை வாசலிலேயே இறங்கி வண்டியை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

வண்டி முதலிலேயே கடை வாசலுக்கு வந்துவிட்டது. நாலு சக்கரமும் மினி லாரியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தியிருந்தது. பதவியிலிருந்தபோது மேடை மேடையாக வாங்கியவை வீட்டில் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன என்று தலைவரே பெருமையாகச் சொன்னார். சிவப்பும் பச்சையுமாக, கனத்த ஜரிகைக் கரையோடு, வரிசையாக உட்கார்ந்திருந்த சக்கரங்களைப் பார்த்தால் யாராவது மைக்கைப் பிடித்து வரவேற்றுப் பேசவேண்டும்போல இருந்தது.

நான் முதலில் பார்த்தது தலைவரின் விரல்களை. மொத்தம் ஏழு மோதிரம். கழற்றச் சொன்னேன். ஜோசியர் கழற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றார். அப்படியானால் கிட்டே வரக்கூடாது என்றேன். கடைசியில் இரண்டு கைக்கும் பிளாஸ்டிக் கவரை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

சக்கரத்தைப் பிடிக்கிற இரும்புத் தாடைகளுக்குப் பிளாஸ்டிக் உறை இருப்பதைக் காட்டினேன். டயரை உள்ளே தள்ளுகிற கொக்கிக்கும் உறை இருப்பதைக் காட்டினேன். வீட்டுக்காரர் சோப்புக் கரைசலைத் தாராளமாகத் தடவி, டயர் வழுக்கிக்கொண்டு உட்காரும்படி செய்தார். காற்று ஏறி டயர் விளிம்பு டப்பென்று சக்கரத்தில் பதிந்தபோது தலைவர் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார். சக்கரம் போச்சு என்று நினைத்திருக்கிறார். நாலு சக்கரத்துக்கும் நாலு தடவை எழுந்து உட்கார்ந்தார். பேலன்சிங்கில் நான் சுத்தியலையே தொடவில்லை. விளிம்பில் அடித்து மாட்டுகிற ஈயத்தை விட்டுவிட்டு, உள்பக்கம் ஒட்டுகிற வெயிட்டாகப் போட்டேன். நாலும் கண்ணாடி மாதிரி இருந்தன. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

கடைசிச் சக்கரத்தை இறக்கி வைத்துவிட்டு நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், தலைவர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, காய்ந்துபோன சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் கவர் போட்ட கையால், வெகு அன்பாக, பொன்னாடையை வைத்து. லாரித் தளத்தில் கிடந்து மண் ஏறிய ஜரிகைக் கரை, சக்கரத்தின் முகத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிறைக் கீறல் போட்டிருந்தது.

“தொடைக்காதியன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போய்ட்டேனே,” என்று கத்தினேன். கோபம் அவர்மேலா பொன்னாடைமேலா என்று எனக்கே தெரியவில்லை. மோதிரத்தைப் பார்த்த கண்ணுக்கு ஜரிகை படவேயில்லை.

தலைவர் கீறலை விரலால் தடவிப் பார்த்தார், கவர் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. பாலிஷ் போட்டால் போகுமா என்றார். தடவினால் நகம் மாட்டுகிற ஆழம், போகாது என்றேன். கீறல் அடிப்பக்கம் வருகிற மாதிரி வண்டியை நிறுத்த முடியாதா என்றார். சக்கரம் உருளுமே தலைவரே என்று வீட்டுக்காரர் மரியாதையாக எடுத்துச் சொன்னார்.

பிறகு தலைவர் குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, கடையிலதான் ஆச்சுன்னு சொல்லிக்கட்டா? நீங்க பெர்சா எடுத்துக்க மாட்டீங்கல்ல?” என்றார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. கம்பெனிப் பையன்கள் அத்தனை பேரும் எங்கள் வாடிக்கை. மாப்பிள்ளை பஸ்ஸில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடையைப் பூட்டிவிட்டு நான் மறுபடி லைனில் போய் நிற்க வேண்டியதுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை. எத்தனையோ மேடை ஏறிய மனுஷன் பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைபோல நின்றார். பாவமாக இருந்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். புது வண்டிக்கு எப்படியும் பொட்டு வைக்கத்தானே வேண்டும். வீட்டுக்காரர் நாலையும் வண்டியில் மாட்டி முடிப்பதற்குள் தலைவர் வீட்டிலிருந்து சந்தனமும் குங்குமமும் வந்தன. பிறைமேல் நல்ல கனமாக ஒரு பொட்டு. சந்தேகம் வராமலிருக்க மற்ற மூன்றுக்கும் அதே இடத்தில் ஒவ்வொன்று. மூன்று லேசாக, ஒன்று மட்டும் வடை கனத்துக்கு.

காலையில் பஸ் நின்று மாப்பிள்ளை இறங்கினார். ஒல்லியான, அமைதியான பையன். வண்டிக்குக் கிட்டே போகும்முன் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. தலைவர் வெள்ளை வேட்டியில் வேர்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குனிந்தார். பழக்கம், விடாதில்லையா. நாலாவதில் வெகுநேரம் குனிந்தே இருந்தார். கட்டைவிரலால் சந்தனத்தின் ஓரத்தை லேசாக நெம்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதே விரலால் அதை இருந்த இடத்திலேயே அழுத்தி வைத்தார்.

“ஓகே மாமா,” என்றார்.

தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். தலைவருக்குத்தான் தாங்கவில்லை. “கடைக்காரங்க மேல ஒண்ணும் இல்ல மாப்ள. நான்தான், பொன்னாடையால தொடச்சிட்டேன்,” என்றார்.

“தெரியும் மாமா. ஜரிகைக் கீறல்தான். ஏறுங்க, வூட்ல எறக்கி வுட்டுட்டுப் போறேன்.”

புது வண்டி மண்ணாகிவிடுமோ என்று தலைவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். மாப்பிள்ளை சுற்றிவந்து அதை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் காலடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.