கிரேன்காரம்மாவை நிறுத்தியவள்

அறுபது மீட்டர் உயரத்தில், ஒரே ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்குள், செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் கிரேன்காரம்மா. வாக்கி டாக்கி கரகரக்கிறது. "சரி, இறக்கறேன்" என்கிறார். கீழிருந்து வரும் உத்தரவைத் திருப்பிச் சொல்வது தொழில் பழக்கம். கம்பிக்கட்டு, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோலத் தளத்தில் அமர்கிறது.

கீழே இன்ஜினியர் தொண்டை கிழியக் கத்தலாம். கிரேன்காரம்மாவின் கண் சிக்னல் காட்டுபவரின் கையைவிட்டு நகராது. "எனக்குச் சுண்டுவிரல் அரிச்சாக்கூட அக்காவுக்குத் தெரிஞ்சிடும்" என்று பீற்றிக்கொள்கிறார் அந்த ஆள். 'விசில்' என்றால்தான் எல்லோருக்கும் அவரைத் தெரியும். இவ்வளவு உயரம் ஏறுகிற அம்மாவுக்கு லிஃப்ட் என்றால் நடுக்கம். "அதை எவன் ஓட்டறான்னே தெரியலையே!"

வீட்டில் கதையே வேறு. தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், கையில் கரண்டி, துணி துவைக்கும் மெஷின் கதவைச் சாத்துவது கால். நாளைக்கு என்ன சரக்கு ஏற்றுவது என்று சூப்பர்வைசர் விடாமல் கூப்பிடுவார். போன வாரம் அந்த அமளிக்கு நடுவில்தான் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் குதித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நான்தான் கோல் கீப்பர்!"

"சரி, இறக்கறேன்."

"எதைம்மா?"

அம்மா போனில் சரக்குக் கணக்கைத் தொடர்ந்தார். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் மகளிடம் ஒரே பதில்: "ஒண்ணுமில்ல."

"பல்லு விளக்கும்போதுகூடப் பேசுற வாயாடி அவ. இப்ப வாய்க்குப் பூட்டு. என்னன்னே புரியல, தம்பி" என்று விசிலிடம் புலம்பினார்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், வேலையிடத்து வாசலில் இருக்கும் அலுவலக அறையில் உட்காரவைத்தார். விசில் கையை அசைத்ததும் மேலே கிரேன் அசைவதை அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். டீ நேரத்தில் விசிலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எங்கம்மா உங்களை மட்டும் எப்படி இப்படிப் பாக்கறாங்க?"

"நான் சொன்னாத்தான் கேப்பாங்க, பாப்பா. ஆனா நிறுத்தச் சொல்லி யாரு கை காட்டினாலும் நிறுத்தியே ஆகணும். அது சட்டம்."

"யாரு காட்டினாலுமா?"

"தெருவுல போறவன் காட்டினாலும்!"

பிறகு என்னென்ன சைகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் துளைத்துவிட்டாள். விசிலின் டீ ஆறிப்போனது.

அன்று மாலை சமையலறை. போனில் சூப்பர்வைசர். மகள் வாசற்படியில் வந்து நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

மனசுக்கு முன்னால் உடம்பு கேட்டுவிட்டது. கரண்டி அந்தரத்தில் நின்றது. பேச்சும் பாதியில் நின்றது.

"என்னம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"நிறுத்தச் சொல்லிட்டாங்க, சார்."

"யாரு?"

"என் பொண்ணு. வெச்சிடறேன்."

போனையும் அடுப்பையும் அணைத்துவிட்டுத் திரும்பினார். மகளின் ஆள்காட்டி விரல் தரையை நோக்கிச் சுழன்றது. இறக்கு! கிரேன்காரம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், மடை உடைந்தது.

"ரெண்டு கோல் தடுத்தேம்மா! ஒண்ணு கையால, ஒண்ணு மூஞ்சியால!"

"மூஞ்சியாலயா? எங்க, காட்டு!"

"மூக்குல! அழவே இல்ல. அப்புறம் அழுதேன். ஆனா கோல் இல்ல!"

"அடிப்பாவி, இதையா இத்தனை நாளாச் சொல்லாம வெச்சிருந்த?"

"சொல்ல வந்தேனே. நீதான் இறக்கறேன்னே."

கிரேன்காரம்மா மகளை அருகில் இழுத்துக்கொண்டார். மகளின் மூக்கை இரண்டு விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து கூடத்தில் இரண்டு நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார். காலுறைகளைப் பந்தாகச் சுருட்டினார்.

"எறியட்டுமா?"

"இரு, இரு… முட்டி மடக்கணும்… ம், இப்போ!"

முதல் பந்து போய் அலமாரியில் மோதியது. இரண்டாவதை மகள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உருண்டாள். "இன்னும் வேகமா, அம்மா!"

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மகளின் பள்ளியில் அடுத்த ஆட்டம். அன்று கிரேனில் வேறொருவர் ஏறுகிறார்.