அண்ணன் பூசிய சுவர்கள்

நான் குடியிருக்கும் மால்மோ நகரத்து மாடிக் கட்டடத்தின் குப்பை அறையில் ஓர் அடுக்குத் தட்டு இருக்கிறது. நமக்கு வேண்டாதது இன்னொருவருக்கு உதவுமென்றால் அதில் வைத்துவிட்டுப் போகலாம். சுவீடனுக்கு வந்த புதிதில், நன்றாக உடுத்திய மனிதர்கள் யாரோ கழித்த விளக்கையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு அந்த அறையிலிருந்து வெளியே வருவதைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. சில வாரங்களுக்கு முன் எதிர்வீட்டு லீனா நான்கு பெயின்ட் டின்களோடு வந்தாள். எல்லாம் பிறர் பூசி மிஞ்சியவை. "பார், எத்தனை நிறம்!" என்று டின் மூடிகளைக் காட்டினாள்.

பிறகொரு ஞாயிறு என்னைக் காப்பிக்கு அழைத்தாள். ஒரு சுவர் கடுகு மஞ்சள், கதவு பச்சை. பழைய படுக்கை விரிப்புகள் திரைச்சீலைகளாகியிருந்தன. 'லோப்பிஸ்' என்னும் பழைய பொருட் சந்தையில் எடுத்த நாற்காலிகள் ஆளுக்கொரு நிறத்தில் நின்றன. எதையுமே புதிதாக வாங்கவில்லை, பூமிக்குப் பாரம் ஏற்றவில்லை என்று பெருமையாகச் சொன்னாள். இந்த வீட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன், இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் அலுவிகாரையில்.

என் அண்ணன் 'பெயின்ட் பாஸ்', ஊர்ப் பேச்சில் பெயின்ட் வேலைக்காரர். மாத்தளை டவுனில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் பெயின்ட் அடித்து வாழ்ந்தவர். வேலை முடிந்ததும் டின்னின் அடியில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். நகைக்கடையின் மிச்சம் ஹோல் சுவரில் மாம்பழ மஞ்சளானது. நர்சரிப் பள்ளியின் நீலம் குசினிக்குப் போனது. ஒரு நிறம் பாதிச் சுவரில் தீர்ந்துவிட்டால், நூல் பிடித்து நேர்கோடு போட்டு அடுத்த நிறத்தைத் தொடங்குவார். வேண்டுமென்றே அப்படிச் செய்தது போலிருக்கும். அண்ணி தன் பழைய சேலைகளை ஜன்னல்களுக்குத் திரையாகத் தைத்துப் போட்டிருந்தார். எனக்கோ அது பொறுக்கிச் சேர்த்த வீடாகத் தெரிந்தது. அந்த வீட்டைப் பற்றி இங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு நான் ஊருக்குப் போனேன். என் மகள் தன் சுவீடிஷ் தோழியோடு பின்னால் வருவதாக இருந்தது. அந்தப் பிள்ளை இந்த வீட்டைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்பதே எனக்குக் கவலை. அண்ணி தன் மகளின் பிரசவத்துக்காக வில்கமுவ போயிருந்தார். வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. இரண்டு பேரைப் பிடித்து மூன்றே நாளில் வீடு முழுவதையும் வெள்ளையாக்கினேன். சேலைத் திரைகளை மூட்டை கட்டிக் குப்பை லொறியில் ஏற்றிவிட்டு, பிளாஸ்டிக் மறைப்புகளை மாட்டினேன். லீவுக்கு வந்து வீட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகும் என் போன்றவர்களை ஊரில் இருக்கும் உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே வாசலில் வெகுநேரம் நின்றார். "நல்லா வெளிச்சமா இருக்கு" என்றார். பிறகு குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்தார். அதைப் பாராட்டாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

இத்தனையும் லீனாவின் மஞ்சள் சுவருக்கு முன்னால் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வண்ணமயமான நாட்டிலிருந்து வந்தவளாயிற்றே, உங்கள் ஊர் வீடுகளிலும் இப்படி நிறங்கள் உண்டா என்று அவள் கேட்டாள். என் அண்ணன் ஒரு 'மோலாரெ' என்றேன். சுவீடிஷ் மொழியில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவருக்கும் ஓவியருக்கும் அந்த ஒரே சொல்தான். அவள் கண்கள் விரிந்தன. அவருடைய படைப்புகளை எங்கே பார்க்கலாம் என்றாள். நான் திருத்தவில்லை. படம் அனுப்பச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணியை அழைத்தேன். பழைய சுவர்கள் தெரிகிற படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்றார். லீனாவின் வீட்டைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எல்லாப் படத்திலும் சுவரை மறைத்துக்கொண்டு ஆட்கள்தான் நிற்கிறார்கள் என்றார் அண்ணி. பிறகு சொன்னார்:

"அலுமாரிக்குப் பின்னால கொஞ்சம் இருக்கு. நீ கூப்பிட்ட ஆளுங்க அத நகத்தாம அடிச்சிட்டுப் போயிட்டாங்க. சில நாள் கைய உள்ள விட்டுத் தொட்டுப் பாப்பேன்."

"அன்னைக்கே ஏன் அண்ணி சொல்லல?"

"அடிச்ச பொறகு சொல்லி என்ன? நீயும் ஆசையா செஞ்சிருந்த."

மன்னிப்புக் கேட்டேன். ஆள் அனுப்பி அதே நிறங்களை மறுபடி பூசித் தருவதாகவும் சொன்னேன். அண்ணி குரலை உயர்த்தவில்லை.

"யாரையும் அனுப்பாத சுகந்தி. இனிமே இந்த வீட்டுக்கு எது செய்றதுன்னாலும் என்னக் கேட்டுட்டுச் செய்."

பரவாயில்லை, விடு என்று அவர் சொல்லியிருந்தால் நான் அன்றே தப்பித்திருப்பேன். அவர் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மருமகனைக் கொண்டு அலுமாரியை நகர்த்தி, ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார். மஞ்சளும் இளஞ்சிவப்பும் நேர்கோட்டில் சந்திக்கும் ஒரு துண்டுச் சுவர். கீழே, 'இதப் பாத்து அங்க அடிச்சிக்க' என்று ஒரு வரி.

அந்தப் படத்தோடு லீனாவிடம் போனேன். அண்ணன் ஓவியர் அல்ல, கடைகளுக்குப் பெயின்ட் அடித்தவர் என்றேன். அதனால் என்ன, எவ்வளவு அழகான கோடு என்றாள் அவள். மிச்சம் இருந்ததையெல்லாம் நான்தான் வெள்ளையடித்து மறைத்தேன் என்றதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

என் அறையின் ஒரு சுவரில் அந்த இரண்டு நிறங்களையும் பூச முடிவு செய்தேன். இது வாடகை வீடு. ஆகவே நிர்வாகத்துக்கு எழுதி அனுமதி கேட்டேன். பதில் ஒரே பக்கத்தில் வந்தது. விரும்பிய நிறத்தைப் பூசிக்கொள்ளலாம், வீட்டை விட்டுப் போகும்போது சுவரைப் பழையபடி வெள்ளையாக்கித் தர வேண்டும். சம்மதம் என்றால் கையொப்பமிடவும்.

மேசையில் அமர்ந்து, வெள்ளையாக்கித் தர வேண்டும் என்ற அந்த வரியைப் பலமுறை வாசித்தேன். அலுவிகாரையில், ஒருவரும் கேட்காமலே, நான் அதைச் செய்து கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பேனாவை எடுத்துக் கையொப்பமிட்டேன்.